ஸ்டியரிங் ஆட்டம்: அலைன்மென்ட் பார்த்தும் தீராதது ஏன்?

களக்காட்டுப் பக்கமிருந்து நெல்லை நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப்போகிற பிக்கப் எங்களுடையது. போன வருஷம் அதற்கு மூன்று முறை அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணத்தை அளந்து திருத்துகிற வேலை, பார்த்தோம். பார்த்த அன்றைக்கு வண்டி நேராக ஓடும். பத்து நாளில் பழையபடி நான்குவழிச் சாலையில் இடதும் வலதுமாக அலையத் தொடங்கிவிடும். முன் டயர் ஒன்றின் வெளியோரம் தேய்ந்து கம்பி தெரிந்தபிறகு வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்தவர் மெஷின் எதையும் எடுக்கவில்லை. என் தம்பியை உட்காரவைத்து ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, இங்கன கைய வச்சுப் பாருங்க.”

வைத்தேன். வலது சக்கரத்துக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு இரும்பு மூட்டு. தம்பி ஸ்டியரிங்கை அசைக்கும்போதெல்லாம் அது ‘டக்’ என்று என் விரலில் தட்டியது. ராடு நகர்ந்தது, சக்கரம் நகரவில்லை. “இது போனதுக்கு அலைன்மென்ட் என்ன செய்யும்?” என்றார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. லோடு வண்டி வைத்திருக்கிற நிறையப் பேர் எங்களைப்போலவே பணத்தையும் டயரையும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூட்டு முழுதாகக் கழன்றால் போவது டயர் மட்டுமில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## ‘ஆடுது’ என்றால் எது ஆடுகிறது?

‘வண்டி ஆடுது’ என்ற ஒரே சொல்லை வேறுவேறு கோளாறுகளுக்குச் சொல்கிறோம். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் சக்கரம் அசையாமல் இருந்தால் அது ‘ப்ளே’, அதாவது வெற்று ஆட்டம். கையை எடுத்தால் வண்டி எப்போதும் ஒரே பக்கம் போனால் அது இழுப்பு. ஒரு டயரில் காற்றுக் குறைவு, ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, அலைன்மென்ட் கோளாறு ஆகியவை அதற்கு வழக்கமான காரணங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் கையில் நடுங்கினால் அது உதறல். முதலில் வீல் பேலன்ஸைப் பார்க்கவேண்டும்.

இந்தக் கட்டுரையில் பேசப்போவது முதலாவதைப் பற்றி. ஆனால் ப்ளே இருக்கிற வண்டியில் மற்ற இரண்டும் பெரிதாகித் தெரியும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## மம்பட்டிக் காம்பு

ஆப்புத் தளர்ந்த மம்பட்டியால் வரப்பு வெட்டியிருக்கிறீர்களா? காம்பைத் திருப்பினால் முதலில் காம்பு மட்டும் திரும்பும். கொஞ்சம் கழித்துத்தான் இலை திரும்பும். ஓங்கி வெட்டும்போது நாம் நினைத்த இடத்தில் விழாமல் ஒரு விரல்கடை தள்ளி விழும். மம்பட்டி உடையவில்லை, வளையவில்லை. காம்புக்கும் காதுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டியரிங் ப்ளேயும் இதேதான். மம்பட்டியில் அப்படி ஒரு இடம். வண்டியிலோ உங்கள் கைக்கும் டயருக்கும் நடுவே ஏழெட்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுகிற இடைவெளி ஒன்றாகச் சேர்ந்து உங்கள் கைக்கு வந்துசேர்கிறது.

## கையிலிருந்து சக்கரம் வரை

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேரின் சக்கரங்கள் தாமாகத் திரும்பாது. அச்சோடு நேராகவே நிற்கும். ரத வீதி முக்குகளில் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் அத்தனை பெரிய தேரைத் திருப்புகிறார்கள். வண்டியில் அது முடியாது என்பதால் முன் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி முளையில் திரும்பும்படி செய்திருக்கிறார்கள். சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு அப்படித் திரும்புகிற இரும்புத் துண்டுக்கு நக்கிள் என்று பெயர்.

இரண்டு நக்கிளையும் ஒன்றாகத் திருப்பும் ராடுகளும் மூட்டுகளும் சேர்ந்ததுதான் ஸ்டியரிங் லிங்கேஜ். வரிசையாகப் பார்த்தால் சுலபம். ஸ்டியரிங் வீலைத் திருப்பினால் அதன் தண்டு ஸ்டியரிங் பாக்ஸுக்குள் சுழலும். பாக்ஸ் என்பது கையின் பல சுற்றுகளைச் சிறிய, ஆனால் பலமான அசைவாக மாற்றும் கியர் பெட்டி. அதற்கு வெளியே தொங்குகிற கை டிராப் ஆர்ம். பிட்மன் ஆர்ம் என்பதும் அதுதான். டிராப் ஆர்மிலிருந்து ஒரு பக்க நக்கிளுக்குப் போகும் ராடு டிராக் லிங்க். அந்த நக்கிளிலிருந்து அடுத்த பக்க நக்கிளுக்குக் குறுக்கே போகும் நீள ராடு டை ராடு. அதன் இரண்டு நுனியிலும் இருக்கிற மூட்டுதான் டை ராடு எண்டு. என் விரலில் தட்டியது அதுதான்.

இது முன்பக்கம் ஒரே அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளின் அமைப்பு. முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் பிக்கப்புகளில் குறுக்கு ராடு ஒன்றாக இல்லாமல் துண்டு துண்டாக இருக்கும். நடு ராடை அடுத்த பக்கம் தாங்கிப் பிடிக்க ஐட்லர் ஆர்ம் என்று ஒரு கை இருக்கும். துண்டு கூடினால் மூட்டும் கூடும். வேலை செய்கிற விதம் ஒன்றே.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, வெளிச்சக்கரம் பெரிய வட்டத்தில். ஆகவே உள்பக்கம் கொஞ்சம் அதிகமாகத் திரும்பினால்தான் டயர் உரசாது. நக்கிளின் கைகளைச் சற்றுச் சாய்த்து அமைத்தே இதைச் சாதித்துவிடுகிறார்கள். மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே, குதிரை வண்டிகளுக்காக ஜெர்மனியில் லாங்கன்ஸ்பெர்கர் கண்டுபிடித்தது இது. 1818-இல் லண்டனில் ஆக்கர்மன் இதற்குக் காப்புரிமை எடுத்ததால் இன்றும் ஆக்கர்மன் அமைப்பு என்றே பெயர்.

இதுவரை பார்த்தது: கை, பாக்ஸ், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், நக்கிள், டை ராடு, அடுத்த நக்கிள். இதில் ராடுகள் சாதாரணமாகத் தேய்வதில்லை. ராடும் ராடும் சேர்கிற மூட்டுகள்தான் தேய்கின்றன.

## குழவியும் குழியும்

ஆட்டுரலை நினைத்துக்கொள்ளுங்கள். குழவியின் உருண்டை அடி குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுற்றலாம், சாய்க்கலாம், ஆனால் இடம் மாறாது. டை ராடு எண்டுக்குள் இருப்பதும் இதுதான். அதற்குப் பால் ஜாயிண்ட் என்று பெயர். ஒரு எஃகு உருண்டை, அதற்கென்று செய்த கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். சாலைக் குழியில் சக்கரம் ஏறி இறங்கும்போதும் திரும்பும்போதும் எந்தக் கோணத்துக்கும் அது வளைந்துகொடுக்கவேண்டும். அதே நேரம் ராடின் நீளவாக்கில் ஒரு மயிரிழைகூட நகரக்கூடாது.

உள்ளே கிரீஸ் இருக்கிறது. கிரீஸ் வெளியே போகாமலும் மண் உள்ளே போகாமலும் காப்பது மேலே இருக்கிற ரப்பர் தொப்பி. பூட் என்பார்கள். மூட்டின் ஆயுசு முழுக்க இந்த ரப்பரின் கையில்தான் இருக்கிறது. பூட் கிழிந்த வண்டி திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணில் கொஞ்ச நாள் ஓடினால் போதும். சிவப்பு மணல் கிரீஸோடு குழைந்து உப்புத்தாள் மாதிரி உருண்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிற வண்டிகளில் தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும். உவரிக் கடற்கரைப் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் வண்டியிலிருந்து கழற்றிய எண்டைத் துடைத்துப் பார்த்தேன். பூட் ஒரு பக்கம் நகக்கண் அளவுக்குத்தான் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் செங்காவிச் சேறாக இருந்தது. உருண்டை உருண்டையாக இல்லை. வேலை செய்த இரண்டு பக்கமும் பளபளவென்று தட்டையாகி, பாக்கி இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது. உதறினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். புது எண்டைப் பிடித்தால் அதன் தண்டு விறைப்பாக நிற்கும், கட்டைவிரலை அழுத்திச் சாய்க்கவேண்டும். பழையது தானாகவே தொய்ந்து தொங்கியது.

## இரண்டு மில்லிமீட்டர் என்ன செய்யும்?

‘கொஞ்சம் லூஸ்தான், ஓட்டலாம்’ என்று சொல்வோம். அந்தக் கொஞ்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நக்கிளின் கை 15 செ.மீ. நீளம், பாக்ஸின் விகிதம் இருபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டில் 2 மி.மீ. இடைவெளி விழுந்தால் சக்கரம் முக்கால் டிகிரிக்கு மேல் தன் இஷ்டத்துக்கு ஆடலாம். அதுவே ஸ்டியரிங் வீலுக்கு வரும்போது இருபது மடங்காகி 15 டிகிரி ஆகிவிடும். 40 செ.மீ. அகலமுள்ள வீலின் விளிம்பில் அது 5 செ.மீ., அதாவது இரண்டு அங்குலம். அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடைவெளி, மேலே கையில் இரண்டு அங்குலம்.

சட்டத்திலும் இதற்கு அளவு உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி ஸ்டியரிங் பற்றியது. வீலில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது, லிங்கேஜின் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கவேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்கவேண்டும் என்கிறது. 30 டிகிரி என்பது கடிகாரத்தில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையே உள்ள தூரம். ஆனால் அது எல்லைக்கோடு. அதுவரை போகலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல நிலையில் இருக்கிற வண்டியில் அதில் சிறு பங்குதான் இருக்கும். எப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும்போது பெயின்டுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியை இந்த ரப்பர் மூடிகளுக்குக் காட்டினால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

## எந்த மூட்டு போயிருக்கிறது?

இதற்கு மெஷின் வேண்டாம், இரண்டு பேர் வேண்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சின்னதாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அசைக்கவேண்டும். இன்னொருவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துக்கொண்டு வரவேண்டும். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் நகராமல் எந்த மூட்டு தட்டுகிறதோ அதுதான் ஆள். விரல் நசுங்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இப்போது டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? பெரும்பாலும் டை ராடு பக்கம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தெரிகிறதா? வீல் பேரிங்காக இருக்கலாம், அல்லது நக்கிள் திரும்பும் முளையான கிங் பின் தேய்ந்திருக்கலாம். கிங் பின்னுக்குப் பதிலாகச் சில வண்டிகளில் மேலும் கீழும் பால் ஜாயிண்ட் இருக்கும். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நிற்காவிட்டால் மற்றது.

இதைச் செய்யாமல் நடக்கிற ஒரு தப்பைக் கட்டாயம் சொல்லவேண்டும். ப்ளே என்றதும் பாக்ஸின் தலையிலிருக்கிற ஸ்க்ரூவை முறுக்கி ‘டைட் வைத்துவிடுவது’. அந்த ஸ்க்ரூ பாக்ஸுக்குள் இருக்கிற பல் இடைவெளிக்கு மட்டும்தான். டை ராடு எண்டில் இருக்கிற இடைவெளியை அங்கே முறுக்கி எடுக்க முடியாது. அளவுக்கு மீறி முறுக்கினால் ஸ்டியரிங் இறுகும், வளைவு முடிந்ததும் தானாக நேருக்குத் திரும்பாது, நன்றாக இருந்த பாக்ஸும் கெடும்.

சுருக்கமாக: தரையில் நிற்கும்போது விரல் வைத்துப் பாருங்கள், தூக்கி வைத்து டயரை ஆட்டிப் பாருங்கள். எந்த மூட்டு என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கவேண்டும்.

## கழற்றுவதும் மாட்டுவதும்

ஒரு எவர்சில்வர் டம்ளர் இன்னொன்றுக்குள் இறுகிக்கொண்டால் என்ன செய்வோம்? இழுத்தால் வராது. வெளி டம்ளரின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் ‘பொக்’கென்று வந்துவிடும். டை ராடு எண்டின் தண்டும் டம்ளர் மாதிரி ஒரு பக்கம் குறுகியது. நக்கிளில் இருக்கிற துளையும் அதே சரிவுள்ளது. இதை டேப்பர் என்பார்கள். நட்டை முறுக்க முறுக்கத் தண்டு துளைக்குள் இறுகி, இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆகவே கழற்றும்போதும் டம்ளர் வித்தைதான். நட்டைச் சில சுற்றுத் தளர்த்திவிட்டு, நக்கிளின் காதில், துளையைச் சுற்றியுள்ள கனமான பகுதியில், பக்கவாட்டில் சுத்தியலால் கெட்டியாக ஒரு அடி. அல்லது புல்லர் போட்டு இழுக்கலாம். தண்டின் மரைமேலே அடிப்பது தப்பு, மரை நசுங்கிவிடும். கவட்டை ஆப்பை நுழைத்து அடிக்கிறவர்களும் உண்டு. அதில் பூட் கிழியும். எண்டைத் தூக்கிப் போடப்போகிறோம் என்றால் பரவாயில்லை, திரும்ப மாட்டப்போகிறோம் என்றால் கூடாது.

எண்டை ராடிலிருந்து திருகி எடுப்பதற்குமுன், அது தானாகச் சுழலாமல் பிடித்திருக்கிற லாக் நட்டு இருந்த இடத்தில் அடையாளம் போடுங்கள். திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். புதியதை அதே சுற்றுக்கு ஏற்றவேண்டும். ஒரு பக்க எண்டு போயிருந்தால், அதே வயதுள்ள அடுத்த பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. கூலி ஒரு தடவையோடு போகும்.

மாட்டும்போது டேப்பரும் துளையும் துணியால் துடைத்துச் சுத்தமாக இருக்கவேண்டும். அங்கே கிரீஸ் தடவக்கூடாது. நட்டை வண்டியின் புத்தகத்தில் சொல்லியிருக்கிற அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள். நட்டின் தலையில் கிரீடம் மாதிரி பள்ளங்கள் இருக்கும். தண்டில் ஒரு ஓட்டை இருக்கும். இரண்டும் நேர்ப்படும்போது குறுக்கே ஸ்பிலிட் பின்னைச் செருகி நுனியை மடக்கிவிடவேண்டும். நேர்ப்படவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். ஓட்டைக்காக நட்டைத் தளர்த்தவே கூடாது. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவதும் கூடாது. அதன் விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. நட்டு கழன்று டை ராடு விழுந்தால் ஒரு சக்கரம் உங்கள் கைக்குக் கட்டுப்படாமல் போய்விடும்.

கிரீஸ் நிப்பிள் உள்ள எண்டு என்றால், மாட்டியதும் கிரீஸ் கன்னால் பூட் லேசாக உப்பும் வரை கிரீஸ் ஏற்றுங்கள். நிப்பிள் இல்லாதவை மூடிவந்தவை. அவற்றுக்கு வேண்டியது பூட்டைக் காப்பாற்றுவது மட்டும்தான்.

## இப்போதுதான் அலைன்மென்ட்

எங்கள் மூன்று அலைன்மென்டும் ஏன் வீணாயின என்பது இங்கே தெரிந்துவிடும். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று அளந்து திருத்துவது. அளக்கும்போது சக்கரம் ஒரு நிலையில் நிற்கவேண்டும். மூட்டு தளர்ந்த வண்டியில் மெஷின் காட்டுவது அந்த நிமிஷம் சக்கரம் நின்ற இடத்தை மட்டுமே. பணகுடிப் பக்கத்து ஆடிக் காற்றில் ஆடுகிற தூக்குக்குண்டை வைத்துச் சுவர் எழுப்புவதைப் போன்றது அது. குண்டிலும் குற்றமில்லை, கொத்தனாரிலும் குற்றமில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. எண்டை மாற்றிவிட்டு, ‘சுற்று எண்ணித்தானே மாட்டினோம்’ என்று அலைன்மென்ட் பார்க்காமல் விடுவது. டை ராடின் நீளம்தான் இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்பதைத் தீர்மானிக்கிறது. முன்பக்கம் சற்று உள்ளே சேர்ந்திருந்தால் டோ-இன், விரிந்திருந்தால் டோ-அவுட். முன்பு வைத்துக்கொண்ட அதே 15 செ.மீ. நக்கிள் கையில், மரை ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் நகரும் என்றால், ஒரே ஒரு சுற்றுத் தப்பினாலும் 70 செ.மீ. உயர டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 7 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அது அரை டிகிரிக்கும் அதிகம். சக்கரம் அரை டிகிரி கோணலாக நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று கணக்கு. 40 கிலோமீட்டர் ஓடினால் 350 மீட்டர். டயரைத் தரையில் வைத்துக் குறுக்கே அவ்வளவு தூரம் தேய்த்துக்கொண்டு போனால் என்ன மிஞ்சும்? டயரின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரி கையைக் கீறும். டோ தப்பிய டயர் அப்படித்தான் இருக்கும்.

நிறைய வண்டிகளில் டை ராடின் ஒரு நுனியில் வலது மரையும் மறு நுனியில் இடது மரையும் இருக்கும். எண்டைக் கழற்றாமலே ராடைத் திருகினால் இரண்டு பக்கமும் ஒன்றாக நீளும், அல்லது குறுகும். அலைன்மென்ட் கடையில் திருகுவது இதைத்தான். டிராக் லிங்க்கை மாற்றியிருந்தால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கலாம். அதை டிராக் லிங்க்கின் நீளத்திலேயே திருத்தச் சொல்லுங்கள். வீலைப் பிடுங்கி நேராக மாட்டித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாக்ஸின் பற்கள் நடுவில் நிற்கும்போதுதான் ப்ளே மிகக் குறைவாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். வீலை மட்டும் மாற்றி மாட்டினால் நேர்ச்சாலையில் பாக்ஸ் நடுவில் நிற்காது.

புது எண்டு மாட்டி, டோ பார்த்துவிட்டு நாங்கள் லோடோடு நாங்குநேரி வரை ஓட்டினோம். தம்பி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தான். சில நாள் ஓடியபிறகு மறுபடி அடியில் படுத்து, ஸ்பிலிட் பின் இருக்கிறதா, லாக் நட்டு இறுகியிருக்கிறதா, பூட் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தோம். இப்போது ஒவ்வொரு முறை கிரீஸ் அடிக்கும்போதும் இந்த மூன்றையும் பார்க்கிறோம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆவதில்லை.